சௌடம்மாளின் நாலு மடிப்பு

சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு ஒருவர் மல்லாந்து கிடந்தார். தண்ணீர் வடிகட்டும் கருவியைப் பொருத்துவதற்கு என் மகன் அனுப்பிய ஆள். எனக்குத் தெரிந்தது அவருடைய இரண்டு கால்கள் மட்டும்தான். அந்தக் கால்களைப் பார்த்து, "குழாயை நல்லா இறுக்குங்க தம்பி, பின்னாடி ஒழுகும்" என்று நான் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அருப்புக்கோட்டையிலிருந்து சௌடம்மாளின் மருமகள். "அம்மா, அத்தை காலையில காபி குடிச்சாக. டம்ளரை எடுக்கப் போய்ப் பாக்குறேன், போயிட்டாக" என்றாள்.

அலமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா, ஒரு பழைய துணி இருந்தா குடுங்க, தண்ணி சொட்டுது." கொடுத்தேன். வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தவர், "மொதல்ல நெறையிற தண்ணிய ரெண்டு தடவை தொறந்து விட்டுருங்கம்மா, குடிச்சிராதீங்க" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். கம்பெனியில் சொல்லிக் கொடுத்தார்களாம். அழுகையோடு அழுகையாக எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அந்தக் கம்பெனி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊரில், புகை படிந்த அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, "மொதக் குடம் மண்ணுக்கு, ரெண்டாங் குடம் மாட்டுக்கு, மூணாங் குடம் மனுசனுக்கு" என்று சொன்னவள் சௌடம்மாள். பக்கத்தில் நின்று கேட்டவள் நான்.

அவளோடு வேலை பார்த்தவர்களும் அவள் கையில் பிறந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் அப்படி எழுதினால், "யாருடி அந்தம்மா?" என்று கேட்டுவிடுவாள். ஆகவே அவள்.

சௌடம்மாள் அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டுக்குள் கன்னடம், வாசல் தாண்டினால் தமிழ். தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள், செவிலியர் பயிற்சி முடித்து அறுபதுகளின் நடுவில் திருச்சுழிப் பக்கம் வேலைக்கு வந்தாள். நான் பாலவனத்தத்துக்காரி. அதே வட்டாரத்தில் கிராம சேவிகா. பிரசவமும் ஊசியும் அவள் பாடு, புகையில்லா அடுப்பும் கீரைப் பாத்தியும் என் பாடு. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே பஸ். பஸ்ஸை விட்டு இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் மூன்று மைல் நான்கு மைல் நடப்போம். நடக்கும்போதெல்லாம் நான் பேசுவேன், அவள் கேட்பாள். கோபம் வந்தால் மட்டும் வாய்க்குள் "ஒந்து, எரடு, மூரு, நால்கு" என்று எண்ணுவாள். நாலு வரை எண்ணினால் கோபம் போய்விடும் என்று அவள் அப்பா சொல்லிக் கொடுத்திருந்தாராம். என்னோடு நடந்த நாட்களில் எத்தனை நாலு எண்ணினாளோ, தெரியாது.

நான் சொல்லப் போகும் ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அப்போது அந்தப் பெயரைச் சொன்னால் சுற்றுப்பட்டியில் பெண் கொடுக்க மாட்டார்கள். அந்த அவப்பெயரைத் துடைக்க ஒருத்தி பட்ட பாடு போதும், நான் மறுபடி எழுதி வைக்க வேண்டாம். அங்கே கிணறெல்லாம் உப்பு. குடிப்பதற்கு ஊருணி ஒன்றுதான். மழை பெய்து நிறைந்திருக்கும் காலத்தில் ஊருணியில் ஒருவரும் காலை நனைக்க மாட்டார்கள், அவ்வளவு கட்டுப்பாடு. மாசி பிறந்து தண்ணீர் நடுவில் ஒடுங்கிவிட்டால் கட்டுப்பாடு எங்கே நிற்கும்? சேற்றில் இறங்கித்தான் அள்ள வேண்டும். அப்படி இறங்கும் கால்களில் சில, நரம்புச் சிலந்தி வந்த கால்கள்.

இளையவர்கள் இந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். அது நூல் மாதிரி நீளமான ஒரு புழு. குடிக்கிற தண்ணீரிலுள்ள பொடிப் பூச்சியின் வயிற்றில் குஞ்சாக உள்ளே போய், உடம்புக்குள்ளேயே ஒரு வருஷம் வளர்ந்து, பிறகு காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். தண்ணீர் பட்டதும் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும், அவற்றைப் பூச்சி தின்னும். அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தவருக்கு அடுத்த வருஷம் புழு. வெளியே வந்த நுனியைக் குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடையாக இழுக்க வேண்டும். அறுந்துவிட்டால் சீழ் பிடித்துக் காலே போகும். அது புறப்படுவது பருத்தி எடுக்கும் மாதங்களில். "பருத்தி வெடிக்கையில காலும் வெடிக்கும்" என்பது அந்த ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட பேச்சு.

அந்த வருஷம் பங்குனியில், அந்த ஊருக்கு வாழ வந்த பாக்கியத்தின் வலது காலில் புறப்பட்டது. கல்யாணமாகி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, அதற்குள் இது இரண்டாவது. காட்டில் பருத்தி வெடித்துக் கிடக்கிறதே என்ற பதற்றத்தில் அவள் மாமியார் வெள்ளையம்மாள் புழுவைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க, அது அறுந்துவிட்டது. கால் வீங்கிப் பழுத்தது. சௌடம்மாள்தான் பாக்கியத்தை மதுரைக்குக் கொண்டுபோய், கூடவே இருந்து, காலோடு திருப்பிக் கொண்டுவந்தாள். இன்னொரு தடவை வந்தால் கால் நிலைக்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சித்திரையில் பாக்கியத்தின் அண்ணன் மாட்டுவண்டியைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். நாங்கள் அப்போது பாக்கியத்துக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தோம். "எந்தங்கச்சிய வாழத்தான் குடுத்தேன், நொண்டியாகுறதுக்குக் குடுக்கல. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். பாக்கியத்தின் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாக்கியம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் போக மனசில்லண்ணே. ஆனா காலு போயிருச்சுன்னா இவுகளுக்கு நான் பாரமாயிருவேன்ல" என்று சொல்லி அழுதாள்.

சௌடம்மாள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வருசம் குடுங்க அண்ணாச்சி. அடுத்த சித்திரை வரைக்கும் இவ தொண்டையில வடிகட்டாத தண்ணி ஒரு மடக்கு எறங்காது. அப்பறமும் சிலந்தி வந்துச்சுன்னா நீங்க வண்டி கட்ட வேணாம். நானே கூட்டிட்டு வந்து ஒங்க வீட்டுல விட்டுட்டு, வேலைய எழுதிக் குடுத்துட்டுத் தறியில போய் உக்காந்துக்கிறேன்." அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் வண்டியைத் திருப்பினார்.

திரும்பி நடக்கும்போது நான் அவளை விடவில்லை. "பயிற்சியில சொல்லிக் குடுத்த மூணு மண்பானைய நம்பி வேலைய அடகு வைக்கிறியே, ஒனக்குப் புத்தி இருக்காடி?" என்றேன். "பானைய யாரு நம்புனா? துணிய நம்புறேன். துணிய நம்பித்தானடி எங்க வம்சமே கஞ்சி குடிக்குது" என்றாள்.

அவள் சொன்ன வடிகட்டி எளிமையானது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பானைகள். மேல் பானையில் கழுவிய மணல், நடுப் பானையில் கரி, இரண்டுக்கும் அடியில் சின்னத் துளை, கீழே தண்ணீர் பிடிக்க மூன்றாவது. மணலும் கரியும் கலங்கலைத் தெளிவிக்கும். ஆனால் சிலந்திப் பூச்சியைத் தடுப்பது மேல் பானையின் வாயில் நாலு மடிப்பாகக் கட்டுகிற துணிதான். இவ்வளவும் பயிற்சியில் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தவையே. நான் அதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவள் அதைச் செய்யக் கிளம்பினாள்.

பானைகளை அருப்புக்கோட்டையில் வாங்கினோம். பஸ்ஸில் அவள் மடியில் இரண்டு, என் மடியில் ஒன்று. கண்டக்டர், "என்னம்மா, வளைகாப்பா?" என்றார். "ஆமாண்ணே, தண்ணிக்கு" என்றாள் சௌடம்மாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் பஸ் குலுங்கியதில் உடைந்தது என் மடியில் இருந்த பானை. அவள் மடியில் இருந்த இரண்டும் குத்துக்கல்லாட்டம் இருந்தன. மறுநாள் இன்னொரு பானை வாங்கினோம். அதைத் தூக்க என்னை விடவில்லை. குண்டாற்று மணலைச் சாக்கில் கொண்டுவந்து ஏழு தண்ணீர் விட்டுக் கழுவியவள் நான் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கும் கொஞ்சம் பெருமை வேண்டாமா?

பாக்கியம் வீட்டு அடுப்பங்கரையில் இதை எங்கே வைப்பது என்பதில் முதல் சண்டை. சொட்டுகிற தண்ணீர் ஓடிப்போக வேண்டும் என்றால் அதற்கு ஒரே இடம் அங்கணம். அடுப்பங்கரை மூலையில் பாத்திரம் கழுவுகிற குழி, சுவரில் ஒரு மடை. இன்றைய தொட்டிக்கு அதுதான் பாட்டி. வெள்ளையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "எச்சிப் பாத்திரம் கழுவுற எடத்துல குடிக்கிற தண்ணியா? ஒங்க வீட்டுல அப்படித்தான் வைப்பீகளா நர்சம்மா?" "எங்க வீட்டுலயும் வைக்க மாட்டோம் ஆத்தா. ஆனா சொட்டுறது எங்க போகும்? ஒங்க கம்பு மூட்டைக்குள்ள விடவா?" என்றாள் சௌடம்மாள். கடைசியில் அங்கணத்தின் மேல் ஒரு முழ உயரத்துக்கு இரண்டு கல்லை நிறுத்தி, குறுக்கே பலகைக்கல்லைப் போட்டு, அதன் மேல் வைப்பது என்று சமாதானம் ஆனது. எச்சில் கீழே, குடிநீர் மேலே.

இரண்டாவது சண்டை துணியில் வந்தது. சௌடம்மாள் தன் அப்பாவின் தறியிலிருந்து நேராக அறுத்து வந்த புது வெள்ளைத் துணியைப் பானை வாயில் கட்டப் போனாள். வெள்ளையம்மாள் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். "பானை வாயில கோடித்துணி கட்டுறது எழவு வீட்டுல! எம்மகன் உசுரோட இருக்கான்." சௌடம்மாளின் உதடுகள் அசைந்தன. ஒந்து, எரடு, மூரு, நால்கு. பிறகு அடுப்பு மேட்டிலிருந்து மஞ்சளை எடுத்துக் குழைத்து, புதுச்சேலைக்கு வைக்கிற மாதிரி துணியின் நாலு மூலையிலும் வைத்தாள். "கல்யாணப் பொண்ணு சீலையும் கோடிதான ஆத்தா? மஞ்ச வச்சா மங்கலம்" என்றாள். வெள்ளையம்மாள் அரை மனதோடு விட்டார்.

மூன்றாம் நாள் தண்ணீர் புளித்து நாறியது.

நாங்கள் போவதற்குள் ஊர் தீர்ப்பே சொல்லிவிட்டது. கோடி தன் வேலையைக் காட்டிவிட்டதாம். மூன்று பானைகளும் மாட்டுத்தொழுவத்தின் ஓரத்தில் கிடந்தன. பாக்கியம் பழையபடி ஊருணித் தண்ணீருக்குப் போகக் குடத்தை இடுப்பில் வைத்திருந்தாள். வந்து கூட்டிக்கொண்டு போகும்படி அண்ணனுக்கு ஆள் சொல்லி அனுப்பியாயிற்று. "நர்சம்மா நல்லதுக்குத்தான் செஞ்சாக, ஆகல" என்று பாக்கியமே சொன்னாள். மணலைச் சரியாகக் கழுவவில்லையோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம்.

சௌடம்மாள் நேராகத் தொழுவத்துக்குப் போனாள். மணலை மோந்து பார்த்தாள். கரியை மோந்து பார்த்தாள். துணியை எடுத்து முகத்தில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "ஏடி சாரதா, இது எங்க தெரு வாசம்டி!" பாவு நூல் அறாமல் இருப்பதற்கு நெசவாளர்கள் அதற்குக் கஞ்சி போடுவார்கள். தறியிலிருந்து இறங்கும் துணியில் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கும். அந்த மொடமொடப்புக்குத்தான் கடையில் மதிப்பு, ஆகவே நெசவு வீட்டில் புதுத்துணியை யாரும் நனைக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு அதைவிடச் சுத்தமான பொருள் உலகத்தில் கிடையாது. பிறந்ததிலிருந்து அந்தக் கஞ்சி வாசத்திலேயே இருந்தவளுக்கு, துணியில் கஞ்சி இருக்கிறது என்பதே நினைப்பில் இல்லை. சித்திரை வெயிலில் தண்ணீரோடு இறங்கிய கஞ்சி புளிக்காமல் என்ன செய்யும்?

நானாக இருந்தால் சத்தமில்லாமல் வேறு துணியை மாற்றிவிட்டுப் போயிருப்பேன். அவள் துணியோடு தெருவில் போய் நின்று, கூடியிருந்த பெண்களிடம் சொன்னாள்: "தப்பு என்னோடது. கோடியோடது இல்ல, பானையோடது இல்ல. கஞ்சி போட்ட துணிய அலசாமக் கொண்டாந்துட்டேன். நெசவுகாரி மகளுக்கு இதுகூடத் தெரியலன்னு சிரிங்க, பரவாயில்ல. மூணு நாளு பொறுங்க, அதுவரைக்கும் பாக்கியத்துக்குக் காய்ச்சின தண்ணி குடுங்க." சிரித்தார்கள். ஆனால் நின்று கேட்டார்கள். ஓர் அரசாங்க ஊழியர் தன் தப்பைத் தானே தெருவில் சொல்லி அந்த ஊர் அதற்கு முன்பு கேட்டதில்லை.

மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனாள். அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. தானே தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து நெய்தாள். "அரசாங்க வேலைக்குப் போன மக குழியில எறங்கிட்டா, இது அரசாங்கத்துக்குத் தெரியுமா?" என்று அவள் அப்பா கன்னடத்தில் கிண்டல் செய்ததை அவளே எனக்குத் தமிழில் சொன்னாள். இந்தத் தடவை நெருக்கமான நெசவு, இரண்டு ஓரத்திலும் சிவப்புக் கரை. கரை வைத்துவிட்டால் அதை யாரும் எழவுத்துணி என்று சொல்ல முடியாது. உவர்மண்ணில் போட்டு வெள்ளாவி வைத்து, கஞ்சி வாசம் போகும்வரை அலசிக் காயப் போட்டு எடுத்து வந்தாள். வரும் வழியில் பஸ்ஸில் என் மூக்கில் வைத்து, "என்ன வாசம் வருது?" என்றாள். ஒன்றும் வரவில்லை என்றேன். "அப்பச் சரி" என்று மடித்துப் பையில் வைத்தாள்.

அதே நாளில் அண்ணனும் வண்டியோடு வந்து சேர்ந்தார். சௌடம்மாள் அவரைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. கண்ணாடி டம்ளர் ஒன்றில் ஊருணித் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்து, "இதைக் கொஞ்சம் பாருங்க அண்ணாச்சி" என்றாள். முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகு, வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நகர்வது தெரிந்தது. வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்யே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "கண்ணுக்குத் தெரியாத பூச்சின்னு சொல்றாக. தெரியாததெல்லாம் இல்ல, நாம நின்னு பாக்காததுதான்" என்றாள் சௌடம்மாள். பிறகு பானைகளைக் கழுவி அங்கணத்துக் கல்லின் மேல் ஏற்றினாள். பாக்கியத்தின் கையில் துணியைக் கொடுத்து, கூடவே எண்ணியபடி மடிக்க வைத்தாள். முதல் குடம் மண்ணுக்குப் போனது. இரண்டாவது மாட்டுக்குப் போனது. மூன்றாவது குடத்திலிருந்து முதல் டம்ளரை அண்ணனுக்குக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "இன்னொரு டம்ளர் குடுங்க" என்றார். வந்த வண்டி மறுபடி வெறும் வண்டியாகத்தான் திரும்பியது.

நாலு மடிப்பை அவள் கன்னடத்திலேதான் எண்ணினாள். எண்ணிக்கை என்றால் அவளுக்கு வீட்டுமொழிதான் வாயில் வரும். பாக்கியத்தைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் துணி கேட்டு வந்தபோது, "ஒந்து, எரடு, மூரு, நால்கு" என்று சொல்லிக்கொண்டே மடித்தார்கள். அது ஏதோ மந்திரம் என்று நினைத்தார்கள். நான் திருத்தப் போனேன். சௌடம்மாள் என் கையைக் கிள்ளினாள். "விடு. எண்ணிக்கைன்னா மூணோட நிறுத்திருவாக. மந்திரம்னா முழுசாச் சொல்லுவாக."

அந்த ஒரு வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் எப்படிப் போனது என்று எங்களுக்குத்தான் தெரியும். பாக்கியம் காட்டுக்குக் கொண்டுபோகும் கலயத்துக்கும் ஒரு துணி. விசேஷ வீட்டுக்குப் போனாலும் முந்தானையில் முடிந்த துணியோடு போனாள். ஊர் சிரித்தது, அவள் கவலைப்படவில்லை. ஐப்பசி மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சௌடம்மாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "சாரதா, இனிமே குடிக்கிறத நான் வடிகட்டிட்டேன். பானை வைக்கிறதுக்கு முன்னாடி, அந்த மாசியிலயும் பங்குனியிலயும் அவ குடிச்சது? அது உள்ள இருந்தா இந்த மாசியில வந்துரும்டி. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?" இது தெரிந்துதானா அன்றைக்கு அப்படி வாக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். "தெரிஞ்சுதான். அதைச் சொல்லிருந்தா அவுக அண்ணன் வண்டியத் திருப்பிருப்பாரா?" என்றாள். அவளுக்குப் பயம் கிடையாது என்று அதுவரை நினைத்திருந்தேன். பயந்துகொண்டேதான் அவ்வளவும் செய்திருக்கிறாள்.

மாசிக் கடைசியில், நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே பாக்கியத்தின் புருஷன் நின்றுகொண்டிருந்தார். "நர்சம்மா, காலுல கொப்புளம்" என்றார். அந்த மூன்று மைலையும் நாங்கள் நடந்தோமா ஓடினோமா என்று நினைவில்லை. பாக்கியம் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. துணிமணிகளை மூட்டை கட்டித் தயாராகப் பக்கத்தில் வைத்திருந்தாள். பாதத்தின் ஓரத்தில் கொப்புளம், சுற்றிலும் சிவப்பு. சுற்றி ஊரே நின்றது. சிலந்தியாக இருந்தால் தண்ணீர் பட்டதும் தலை நீட்டும். சௌடம்மாள் ஈரத்துணியைக் கொப்புளத்தின் மேல் போட்டாள்.

காத்திருந்தோம். துணியை எடுத்தாள், ஒன்றும் வரவில்லை. மறுபடி நனைத்துப் போட்டாள். மறுபடியும் வரவில்லை. குனிந்து கொப்புளத்தை மெல்ல அமுக்கினாள். வெள்ளை நூலுக்குப் பதிலாகக் கறுப்பாக ஒரு முனை தெரிந்தது. சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி, தீயில் காட்டி, நெம்பி எடுத்தாள். அரை விரல் நீளத்துக்கு உடைமரத்து முள். பருத்திக்காட்டில் குத்தி உள்ளே ஒடிந்து, பழுத்திருந்தது.

"இந்தா ஒங்க சிலந்தி!" என்று அதைத் தூக்கிக் காட்டினாள். ஊரே ஓவென்று சிரித்தது. பாக்கியம் சிரித்துக்கொண்டே அழுதாள். சௌடம்மாள் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள். நாற்பது வருஷச் சிநேகிதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பங்குனி போயிற்று, சித்திரையும் வந்தது. பாக்கியத்துக்குச் சிலந்தி வரவில்லை. அண்ணன் மறுபடி வண்டியோடு வந்தார், வண்டி நிறைய நுங்கு. வெள்ளையம்மாளுக்குத்தான் வந்தது. வடித்த தண்ணீரில் மண் ருசி இல்லை என்று வருஷம் முழுக்க ஒளித்து ஒளித்து ஊருணித் தண்ணீரைக் குடித்திருக்கிறார். சௌடம்மாள் ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் தினமும் போய்க் குச்சியில் சுற்றி இழுத்துவிட்டாள். எழுந்து நடந்த பிறகு வெள்ளையம்மாள் ஊருணிக்கரைப் போலீஸ் ஆகிவிட்டார். துணியை மூன்று மடிப்போடு விட்டவளை, "நால்கு எங்கடி? நால்கு?" என்று மறித்துக்கொள்வார். எழுபதுகளில் வேறு ஊர்களுக்கும் பானைகள் போயின, சிவப்புக் கரைத் துணிகளும் போயின. அந்த ஊருக்குப் பெண் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஓர் அதிகாரி வந்து பானைகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார். படத்தில் சௌடம்மாள் இல்லை, பானைக்குப் பின்னால் அவள் முழங்கை மட்டும் தெரிகிறது. அதைக் காட்டி, "என் முழங்கைக்கு மெடல் குடுங்க" என்று சிரிப்பாள். எனக்கு மட்டும் ஆறாது. இன்றைக்கும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாவு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. குளிப்பாட்டுவதற்கு முற்றத்தில் அண்டாவை வைத்துத் தண்ணீர் ஊற்றப் போனார்கள். கூட்டத்திலிருந்து நரைத்த தலையோடு ஒருத்தி, "கொஞ்சம் நில்லுங்க" என்று முன்னே வந்தாள். நெட்டென்று, இரண்டு காலும் சீராக ஊன்றி நடந்து வந்தாள். பாக்கியம். இடுப்பிலிருந்து ஒரு துணியை உருவினாள். வெள்ளை மங்கிப்போயிருந்தது, சிவப்புக் கரை மட்டும் இன்னும் இருந்தது. "அவுக எங்களுக்கு வடிச்சுக் குடுத்தாக. அவுகளுக்கு வடிக்காத தண்ணிய ஊத்தலாமா?" என்று கேட்டாள். அண்டா வாயில் துணியை விரிப்பதற்கு முன்னால் மடித்தாள். ஒந்து, எரடு, மூரு, நால்கு. வீட்டுக்காரர்கள் எல்லோரும் கன்னடக்காரர்கள். கரிசல் காட்டு ஊர்க்காரி ஒருத்தி தங்கள் பேச்சில் எண்ணுவதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இறந்தவளின் தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு விசித்தார். குடம் குடமாக அந்தத் துணி வழியாகத்தான் தண்ணீர் இறங்கியது.

அந்தத் துணி பாக்கியத்திடமே இருக்கட்டும், அது அவளுடைய கால். என் வீட்டுத் தொட்டிக்கு அடியில் புதுக் கருவி பச்சை விளக்கோடு வேலை செய்கிறது. முதல் தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றினேன், இரண்டாவதைப் பக்கத்து வீட்டுப் பசுவுக்குக் கொடுத்தேன். அதன் பிறகும் தினமும் காலையில் குடத்தின் வாயில் ஒரு துணியை மடித்துப் போட்டுத்தான் தண்ணீர் பிடிக்கிறேன். "அதான் மிஷினே வடிகட்டுதேம்மா" என்று மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். எனக்குக் கன்னடம் தெரியாது. தெரிந்தவை நாலே நாலு சொற்கள், அவள் எனக்கென்று விட்டுப்போனவை. நாலையும் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் குழாயைத் திறக்கிறேன்.